அடி எது, நுனி எது

1980ஆம் வருஷம் ஆனி மாதம். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் நான் கட்டட வேலைக்குச் சேர்ந்தேன். வயது பதினேழு. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கணக்கு போய்விட்டது. அப்பா வயல் கூலி. சவுதிக்குப் போன மகன் அனுப்பிய பணத்தில் ஒரு ராவுத்தர் குடும்பம் கடையநல்லூர் சாலையில் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தது. அங்கே காங்கிரீட் தளத்துக்குச் சென்ட்ரிங் அடிக்கக் கையாள் தேவை என்றார்கள். கூலி ஆறு ரூபாய். முதல் நாள் முழுக்க நனைந்த சவுக்குக் கம்புகளைத் தெருவிலிருந்து உள்ளே சுமந்தேன். சாயங்காலம் தோள் இரண்டும் எரிந்தன. மேஸ்திரி ஒரு சுத்தியலைக் கையில் கொடுத்து, "நாளைக்கு ஆப்பு அடிக்கப் படிச்சுக்கலே" என்றார்.

தச்சில் எனக்கு முதல் பாடம் அந்த ஆப்புதான். முட்டுக் கம்பின் அடியில் இரண்டு ஆப்புகளை எதிரெதிராக வைத்து, இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று தட்டினால் மேலே பலகை நூல் நூலாக ஏறும். நூல் என்பது எங்கள் அளவு. எட்டு நூல் ஒரு அங்குலம். மெட்ரிக் அளவுக்கு 1956இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் எந்த மரப்பட்டறையிலும் "ரெண்டே முக்கா அங்குலம், ஒரு நூல் கொறச்சு" என்றுதான் பேச்சு. தளம் முழுவதும் மட்டமாக வந்துவிட்டதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரி தலையசைத்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது. என் வீடு மாதிரி வீட்டில் பிறந்த ஒருவன் தச்சுச் சுத்தியலைப் பிடிப்பது எவ்வளவு புதிய காரியம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்துப் பழைய வீட்டுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கல்லிடைக்குறிச்சியிலோ அம்பாசமுத்திரத்திலோ இன்னும் இடிக்காமல் விட்ட வீடு ஏதாவது இருக்கும். முன்தாழ்வாரமான தார்சாவில் மரத்தூண். நடுக்கூடமான பட்டாசலுக்கு மேலே மரத்தட்டு, அதற்கும் மேலே நெல்லும் பாத்திரமும் போட்டுவைக்க மச்சு. தட்டட்டியை அண்ணாந்து பார்த்தால் நெருக்க நெருக்கமாக மரக்கட்டைகள். அவற்றின்மேல் செங்கலைச் சுண்ணாம்பில் குத்துக்கு நிறுத்திய கட்டைக்குத்து. சுவர் எழுப்புவது கொத்தனார் வேலை. சுவருக்கு மேலே இருக்கிறதெல்லாம் ஆசாரி வேலை. மனையில் முளைக்குச்சி அடிப்பது, அறைக்கு அடிக்கணக்கு சொல்வது, தலைவாசல் நிலை வைக்க நாள் குறிப்பது வரைக்கும் அவர் சொல்தான். நிலை வைக்கிற அன்றைக்கு வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு, தேங்காய், பணம் எல்லாம் தாம்பாளத்தில் வைத்து அவருக்குத்தான் கொடுப்பார்கள்.

அந்த வேலையைக் கற்றுக்கொள்வதற்கு ஒரே வழி, அந்த வீட்டில் பிறப்பது. கொல்லர், தச்சர், கன்னார், கல்தச்சர், தட்டார் என்று ஐந்து தொழிலாரும் சேர்ந்தது கம்மாளர். அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பான், மாமன் மருமகனுக்குச் சொல்லிக் கொடுப்பான். எத்தனை காலமாக இப்படி என்று கேட்டால், புறநானூற்றின் 206ஆம் பாட்டையே காட்டலாம். பரிசில் தரத் தாமதிக்கும் அதியமானின் வாயிற்காவலனிடம் ஔவையார், தனக்கு எங்கே போனாலும் சோறு கிடைக்கும் என்று சொல்கிறார். அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் உவமை, மழுவோடு காட்டுக்குள் நுழையும் தச்சனுடைய கைத்திறம் உள்ள பிள்ளைகள். அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தப் பிள்ளைகளிடம்தான் போகிறது. அப்பனுக்கு முன்னால் உளி பிடித்துப் பழகிய பையன்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பும் தச்சன் வீட்டுப் பிள்ளைதான் தச்சன்.

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் பள்ளிக்கூடத்தை அரை நேரம் ஆக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கிக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அடுத்த வருஷமே காமராஜர் முதலமைச்சராகி அதைக் கைவிட்டார். அது நீடித்திருந்தால் ஆசாரி மகன் பட்டறைக்கும் என் அப்பா மாதிரிக் கூலிக்காரர் மகன் வயலுக்கும் போயிருப்பான். அதைத் தடுத்தவர்களுக்கு நான் நன்றி சொல்கிறேன். ஆனால் திட்டம் போன பிறகும் பட்டறையின் வழக்கம் மாறவில்லை. பள்ளிக்கூடம் எல்லாருக்கும் திறந்தது. உளி திறக்கவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் அதைத் திறந்துவிட்டது சிமெண்டு. இதை நான் கண்ணால் பார்த்தவன். தாழையூத்துக்குப் பக்கத்தில் சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1949இல் ஓட ஆரம்பித்தது. ஆலை பக்கத்திலேயே இருந்தாலும் சிமெண்டு சுலபத்தில் கிடைக்கவில்லை. அரசாங்கக் கட்டுப்பாடு, பெர்மிட் வாங்க வேண்டும். ஒரு மூட்டைக்காக நடையாய் நடப்பார்கள். 1982 பிப்ரவரியில் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினார்கள், 1989இல் முழுக்க எடுத்தார்கள். அதே காலத்தில் கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கமெல்லாம் வளைகுடாப் பணம் வந்தது. பணமும் சிமெண்டும் ஒன்றாகச் சேர்ந்தபோது எல்லாருக்கும் காங்கிரீட் தளம் வேண்டும் என்றாயிற்று. கட்டைக்குத்து போட மரமும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் விலை தாங்கவில்லை. கரையான் பயம் வேறு.

தளம் போட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் பலகையால் ஒரு தற்காலிகத் தளம் அடிக்க வேண்டும். சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்து, குறுக்கே சட்டம் போட்டு, மேலே பலகை பரப்பி, கழிவெண்ணெய் தடவி, ஓட்டையில் பேப்பர் ஒட்டி, கம்பி கட்டி, காங்கிரீட் கொட்டிக் காய்ந்த பிறகு எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட வேண்டும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பிரித்துப் போடப்போகிற வேலை. இதில் ஆசாரிமார்களுக்கு மனசில்லை. அதனால் யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள். வயல் கூலி, பனையேறி, பீடி சுற்றியவர், ஆடு மேய்த்தவர் எல்லாரும் சென்ட்ரிங்குக்கு வந்தோம். மரத்தட்டையும் கட்டைக்குத்தையும் காங்கிரீட் அழித்துவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு, சரிதான். அதே காங்கிரீட்தான் என் போன்றவன் கையில் வாளைக் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் வேலை செய்த அதே வீட்டில், பின்கட்டில் ஒரு ஓலைச் சார்ப்பு போட்டு, நிலையும் கதவும் செய்துகொண்டிருந்தார் செங்கோட்டை ஆசாரி ஒருவர். அறுபதை நெருங்கிய வயது. வெற்று உடம்பு, காதில் பென்சில். எங்கள் சத்தத்துக்கும் அவர் சத்தத்துக்கும் வித்தியாசம் இருந்தது. நாங்கள் ஆணி அடிப்போம், ஆணி பிடுங்குவோம். அவருடைய பக்கத்திலிருந்து கொட்டாப்புளி உளித்தலையில் விழும் சத்தம் ஒரே சீராக வரும். மத்தியானச் சோற்றை முடித்ததும் நான் அங்கே போய் உட்கார்ந்து பார்ப்பேன். ஒன்றும் பேசமாட்டார். இரண்டு வாரம் கழித்து ஒருநாள், "ஏலே, சும்மாதான இருக்க. இந்த முனையப் பிடி" என்றார். கட்டையின் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் வாளைப் போட்டார். அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை.

அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் வாத்தியார், இளையவர் மின்சார வாரியத்தில். படிக்க வைத்தவர் அவர்தான். அதில் அவருக்குப் பெருமை. "எம் பிள்ளைங்க கையில பேனா வந்துட்டு. நல்லதுதான். உளிக்குத்தான் ஆளில்ல" என்று ஒருமுறை சொன்னார். பட்டறைக்குள் என்னை விட்டதற்கு வேறு காரணம் எதுவும் அவர் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் சிலர் அதற்காக அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வருஷத்துக்குள் தாத்தா ஆகிவிட்டார்.

மூன்று மாதம் வரை மரத்தில் கை வைக்கவிடவில்லை. உளி தீட்டுவதுதான் வேலை. கல்லில் தண்ணீர் விட்டு, உளியின் சாய்வு கல்லோடு ஒட்டிப் படிகிற கோணத்தில் மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். மணிக்கட்டு கொஞ்சம் ஆடினாலும் சாய்வு உருண்டுவிடும். உருண்ட உளி மரத்தைக் கடிக்காது, வழுக்கும். தீட்டியதும் தன் முன்கையில் வைத்து வழிப்பார். மயிர் சுத்தமாக வந்தால் கீழே வைப்பார், இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் என்னிடமே நீட்டுவார். அடுத்து வாளுக்குப் பல் ராவுவது. முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவி, பிறகு ஒன்று விட்டு ஒன்றை இடமும் வலமும் சாய்க்க வேண்டும். அந்தச் சாய்வு இல்லாவிட்டால் வாள் மரத்துக்குள் இறுகி நின்றுவிடும். கணக்கில் தோற்றவன் நான். ஆனால் இந்தக் கோணங்கள் எனக்குக் கைவழியாக ஏறின.

அவரிடம் ஈட்டி மரத்தில் செய்த ஒரு அளவுகோல் இருந்தது, அவருடைய அப்பாவுடையது. அதன் ஒரு பக்கத்தில் மலையாளத்துக் கோல்: 24 விரல், இன்றைய கணக்கில் 72 சென்டிமீட்டர். அடுத்த பக்கத்தில் தமிழ்த் தச்சரின் 33 அங்குல முழம். மூன்றாவது பக்கத்தில் வெள்ளைக்காரன் அங்குலம். எதற்கு மூன்று என்று கேட்டேன். "நம்ம ஊரு எந்த ராசாவுக்குக் கீழ இருந்துதுன்னு நெனச்ச?" என்றார். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கத்தில் இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கம் வேலை வந்தால் ஒரு கோல், இந்தப் பக்கம் வேலை வந்தால் இன்னொன்று. ஒரு கோலின் மூன்று பக்கங்களில் மூன்று ராஜ்யங்களைப் பிடித்துக்கொண்டு அவர் குடும்பம் பிழைத்திருக்கிறது.

மரத்தின் கதையும் அவர் வாயிலிருந்து கேட்டதுதான், பிறகு நான் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். கொல்லத்திலிருந்து ஆரியங்காவு வழியாக மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு ரயில் வந்தது 1904இல். மலை மரம் அதற்கு முன்னால் வண்டியில் வந்துகொண்டிருந்தது. ரயில் வந்த பிறகு செங்கோட்டையின் மரக்கடைகள் பெருகின. வேங்கை, மருது, அயினி, பலா, தேக்கு. நிலம்பூர்த் தேக்கு என்றால் தாத்தா குரலில் ஒரு மரியாதை வரும். கப்பல் கட்டவும் மற்றதற்கும் வெட்டி வெட்டி மலபார்க் காடு தீர்ந்துபோனதால், 1840களில் அங்கே கலெக்டராக இருந்த கனோலி தேக்கை விதைபோட்டு வளர்க்க உத்தரவிட்டார். அதைச் செய்து காட்டியவர் சாத்து மேனன். அந்தத் தோட்டத்தின் ஒரு பகுதி இன்னும் நிலம்பூரில் நிற்கிறது.

தாத்தாவின் அப்பா 1930களில் தேவகோட்டைப் பக்கம் செட்டியார் வீடுகளில் வேலை பார்த்தவர். அங்கே எல்லாம் பர்மா தேக்கு. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் நிற்கிற மரத்தின் அடிப்பட்டையை வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே காயவிடுவார்கள். பிறகு வெட்டி, யானையைக் கொண்டு இழுத்து, ஆற்றில் தள்ளினால் ஐராவதி வழியாக ரங்கூன் வந்து சேரும். அந்த மரத்துக்காகப் போரே நடந்தது. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கும் மாண்டலே அரசனுக்கும் தேக்குக் கணக்கில் வந்த தகராறைக் காரணமாக வைத்துத்தான் 1885இல் ஆங்கிலேயர் மேல்பர்மாவைப் பிடித்தார்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான், மரம் நின்றது, செட்டிநாட்டில் வேலையும் நின்றது. தாத்தாவின் அப்பா உளிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்.

இனி என் தவறைச் சொல்கிறேன். 1981 தை மாதம். அந்த வீட்டின் பின்கட்டுக்கு ஒரு நிலை. உயரம் எட்டு அடி. கதவுக்கு மேலே காற்றுக்கு ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் வரும். அந்த ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு குறுக்குச் சட்டம். சட்டத்தின் இரண்டு முனையிலும் நாக்கு எடுக்க வேண்டும், நிலைக்கால் இரண்டிலும் மேலிருந்து ஒன்றரை அடியில் அதற்குத் துளை எடுக்க வேண்டும். முதல்முறையாக ஒரு நிலைக்காலை முழுக்க என்னிடம் விட்டுவிட்டு அவர் செங்கோட்டைக்கு மரம் பார்க்கப் போய்விட்டார்.

நான் கோடு கீறினேன். துளை எடுப்பதில் அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான்: "கோட்டத் தின்னாத." உளி கோட்டுக்கு உள்ளேயே நிற்க வேண்டும்; வேலை முடிந்த பிறகும் கோடு மரத்தில் தெரிய வேண்டும். முதலில் நடுவில் ஒரு குழி. அங்கிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக, உளியின் தட்டைப் பக்கம் கோட்டைப் பார்த்தபடி நகர வேண்டும். கடைசிச் சீவல் நகம் மாதிரி வரும். ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. நாலு மூலையும் மட்டம், நாலு கோடும் அப்படியே நின்றன. தேக்குச் சீவலின் அந்த எண்ணெய் வாசனையில் உட்கார்ந்து, அவர் வருவதற்காகக் காத்திருந்தேன்.

அவர் வந்தார். துளைக்குள் விரலை விட்டுத் தடவினார். முகத்தில் திருப்தி தெரிந்தது. பிறகு கட்டையை நீளவாட்டில் பார்த்தார், கையை மெதுவாக ஓட்டினார், ஒரு கணுவில் நிறுத்தினார். "மேல எது, கீழ எதுன்னு பாத்தியாலே?" என்றார். எனக்குப் புரியவில்லை. கட்டையின் சரி நடுவில் கயிறு கட்டித் தூக்கினார். ஆடி நின்றபோது ஒரு முனை தாழ்ந்திருந்தது. நான் துளை போட்டிருந்த முனை. "இதுதான் அடி. வேர்ப்பக்கம். கணுவப் பாரு, கிளை எப்பவும் மேல பாத்துத்தான போவும்? நீ மரத்தத் தலகீழா நிறுத்தப் பாத்திருக்க." தூணோ நிலைக்காலோ, வளர்ந்தபடியேதான் மரம் நிற்க வேண்டும், அடி கீழே, நுனி மேலே. அவருடைய அப்பா அவருக்குச் சொன்னது, பழைய சிற்ப நூல்களிலும் உள்ளது. காட்டில் எப்படி நின்றதோ அப்படி.

கட்டையைத் தூக்கி எறிவார் என்று பயந்தேன். அதன் விலை என் ஒரு மாதக் கூலி. அவர் எறியவில்லை, அடிக்கவும் இல்லை. அதே மரத்தில் அறுத்த துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, துளைக்கு முளை செய்யச் சொன்னார். ரேகை நீளவாட்டில் ஓட வேண்டும், காலின் ரேகையோடு சேர வேண்டும், கையால் அழுத்தினால் பாதி போக வேண்டும், மீதி கொட்டாப்புளிக்கு. வஜ்ஜிரம் தடவி அடித்து இறக்கினேன். இழைப்புளி போட்டுச் சமமாக்கினால் தொட்டுப் பார்க்கிறவனுக்குத் தெரியாது. பார்க்கிறவனுக்கு மட்டும் ஒரு செவ்வகம் தெரியும். மறுமுனையில் புதுத் துளை எடுத்தேன். வீட்டுக்கார அம்மாளைக் கூப்பிட்டு, "பையன் தப்பு பண்ணிட்டான், சரி பண்ணிருக்கான், பலம் கொறையாது. இத அடுக்களை வாசலுக்கு வைக்கலாமா?" என்று கேட்டார். அந்த அம்மாள் சரி என்றார். பெயிண்ட் அடித்து மறைக்கலாமா என்று நான் கேட்டபோது வேண்டாம் என்றார். வார்னிஷ் மட்டும் போட்டோம்.

அந்த வீட்டில் நிலை வைத்த அன்று ஹஜ்ரத் வந்து துஆ ஓதினார். தாத்தா உளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிலையைத் தொட்டார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு நின்றார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில், பால் காய்ச்சுவதற்கு முதல் ராத்திரி, தச்சுக் கழிப்பு. வெட்டிய மரத்தில் இருந்ததெல்லாம் வீட்டை விட்டுப் போவதற்காக ஆசாரி செய்யும் சடங்கு. வீட்டுக்காரர்கள் வெளியே போய்விட வேண்டும், உள்ளே வேலைக்காரர்கள் மட்டும். உளி, வாள், இழைப்புளி, கோல் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக அடுக்கி, பூசணிக்காயை உடைத்து, தீபத்தோடு அறை அறையாகச் சுற்றி வருவார்கள். அன்றைக்கு அவர் தன்னுடைய கருவிகளுக்குப் பக்கத்தில் என் உளி மூன்றையும் வைத்தார். அவருடைய தங்கை மகன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சடங்கை நடத்தி முடித்தார்.

1983 புரட்டாசியில் என்னைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார். தக்கலை வரைக்கும் பஸ், பிறகு நடை. திருவிதாங்கூர் ராஜாக்கள் 1795இல் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றும்வரை இருந்த இடம். தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. மார்த்தாண்ட வர்மா காலத்தில் பெரிதாக எடுத்துக் கட்டியது. தலைக்கு மேலே பார்க்கிற இடமெல்லாம் மரம். பூமுகத்தின் மேல்தட்டில் தொண்ணூறு பூ, ஒன்று மாதிரி ஒன்று இல்லை. எல்லாரும் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா தட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், சட்டத்தோடு சட்டம் சேர்கிற இடத்தை. "பூ செதுக்கினவன் கெட்டிக்காரன்தான். இந்த மூட்டைப் போட்டவன பாரு. எத்தன மழ பாத்திருக்கும், ஒரு நூல் வெலகல" என்றார்.

தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலா மரத்தில் செதுக்கி எடுத்த ஒரு தூண் இருக்கிறது, உச்சி முதல் அடிவரை வேலைப்பாடு. அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு, காவலாளி பார்க்கிறாரே என்றுகூட எண்ணாமல், குத்துக்காலிட்டு உட்கார்ந்து தூணின் அடியை உற்றுப் பார்த்தார். எழுந்திருக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "அடி அடியிலதான் இருக்கு." திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை. அவ்வளவு வேலைப்பாட்டுக்கும் பெயர் போடாமல் போன ஆசாரிமார்களைத் தன் வீட்டுப் பெரியவர்களைப் போல நினைத்துக்கொண்டுதான் அவர் உட்கார்ந்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

சென்ட்ரிங்கை நான் விடவில்லை. சோறு அதில்தான் இருந்தது. என்னோடு ஆப்பு அடித்தவர்கள் பலர் 1980களில் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். விசாவில் அவர்கள் தொழில் 'ஷட்டரிங் கார்பென்டர்'. ஊரில் ஆசாரி என்று யாரும் கூப்பிடாதவர்கள் அங்கே கார்பென்டர் ஆனார்கள்.

வேலையில் அடிபட்டவர்களும் உண்டு. 1986இல் ஒரு காண்ட்ராக்டர், வேறு இடத்துக்குப் பலகை வேண்டும் என்று, காங்கிரீட் போட்டு ஆறாம் நாளே முட்டைப் பிரிக்கச் சொன்னார். சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேடு அது. ஒரு பக்கம்தான் பிடிப்பு. இன்னும் ஒரு வாரமாவது விட வேண்டும் என்று சொன்னோம். கேட்கவில்லை. கடைசி முட்டை எடுத்ததும் இறங்கியது. என் கூட்டாளியின் இடது கால் போயிற்று. காண்ட்ராக்டர் இருநூறு ரூபாய் கொடுத்தார். அதற்கு மேலே கேட்க எங்களுக்கு ஒரு இடம் இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் வந்தது 1994இல். என் அட்டையைக் கையில் வாங்கிய அன்று அவன் வீட்டுக்குத்தான் முதலில் போனேன்.

தாத்தா 1991இல் காலமானார். மூன்று பக்கக் கோலை வாத்தியார் மகன் என்னிடம் கொடுத்தார். "உங்ககிட்ட இருந்தாத்தான் அவருக்குச் சமாதானம்" என்றார். அதற்கப்புறம் காலம் வேகமாக ஓடியது. கூடலூர்க் காட்டு மரவெட்டுக்கு எதிராக நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு, காட்டு மரம் வெட்டுவதற்கும் மரம் அறுக்கும் மில்களுக்கும் கடிவாளம் போட்டது. வேலை குறைந்தது என்று எங்கள் ஆட்கள் வருத்தப்பட்டார்கள். நான் அந்த மலையின் அடிவாரத்தில் வாழ்கிறவன். காடு இருந்தால்தான் மழை. அந்தத் தீர்ப்பு சரி என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பிறகு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாட்டு மரம் வந்தது. 2014 ஏப்ரலில் மியான்மரும் உருட்டு மரம் அனுப்புவதை நிறுத்திவிட்டது. இப்போது நிலையையே பிளாஸ்டிக்கில் வார்த்துத் தருகிறார்கள். அதற்கு அடியும் கிடையாது, நுனியும் கிடையாது.

என்னிடம் பதினோரு பேர் வேலை படித்தார்கள். வந்தவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று நான் கேட்டதில்லை. ஒருத்தி பெண், என் மூத்த மகள். கதவுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவதில் என்னைவிட அவளுக்குக் கை சுத்தம். பதினோரு பேரையும் முதல் மூன்று மாதம் உளிதான் தீட்ட வைத்தேன்.

2019இல் கடையநல்லூர் சாலை வீட்டை இடித்தார்கள், கடைகள் கட்டுவதற்காக. செய்தி தெரிந்து போவதற்குள் மரத்தையெல்லாம் பழைய மர வியாபாரி ஒருவர் எடுத்துப் போயிருந்தார். அவர் கிடங்குக்குப் போய்ப் பார்த்தேன். தலைவாசல் விற்றுப்போயிருந்தது. ஒரு மூலையில், சன்னல் கட்டைகளுக்கு அடியில், அடுக்களை நிலை. கீழ்ப்படியைக் கழற்றியிருந்தார்கள். குறுக்குச் சட்டத்தையும் உருவியிருந்தார்கள். அதனால் நான் எடுத்த துளை திறந்து கிடந்தது. பையிலிருந்த செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன். பென்சில் கோடு மங்கலாக, நாலு பக்கமும் இருந்தது. மறுமுனையில் முளை. முப்பத்தெட்டு வருஷ அடுக்களைப் புகையில் காலும் முளையும் ஒரே நிறமாகிவிட்டன. நகத்தால் ஓரத்தில் நெருடினேன், நகம் நுழையவில்லை.

வியாபாரி வந்து அந்தச் செவ்வகத்தைக் காட்டி, "இதுல ஒட்டு போட்டிருக்கு அண்ணாச்சி. இருநூறு ரூபா கொறச்சுக்கிடுங்க" என்றார். குறைக்க வேண்டாம் என்று முழுப் பணத்தையும் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றி வந்தேன். புதுக் கீழ்ப்படியும் குறுக்குச் சட்டமும் மகள் செய்தாள். நிறுத்துவதற்கு முன்னால், கால் இரண்டையும் நடுவில் கயிறு கட்டி அவள் தூக்கிப் பார்த்தாள். நான் சொல்லவில்லை. இப்போது அந்த நிலை எங்கள் பட்டறை வாசலில் நிற்கிறது. முளை தரையிலிருந்து ஒன்றரை அடியில், உள்ளே வருகிறவர்களின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது.